பஸ்ஸில் சொன்ன பெயர்

மதினி,

இன்று காலை உங்கள் சின்னப் பேத்தி என் மடியில் வந்து உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய பள்ளிக்கூட அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். பள்ளிக்கூடம் லீவு, ஆனாலும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஊதா நிறம், பளபளவென்று இருந்தது. ஓரத்தையெல்லாம் நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டியிருக்கிறாள். நானும் பிரித்துப் பார்த்தேன், வரவே இல்லை.

"டீச்சர் பாட்டி, பேரை எப்பிடி மாத்துறது?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த காபி சேலையில் கொட்டிவிட்டது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். உங்கள் மகள் கவிதா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "அத்தை, நீங்க சிரிச்சுக் குடுக்காதீக, ஒரு வாரமா இதே பாட்டு" என்று அவளுக்கும் சேர்த்து எனக்கும் ஒரு முறைப்பு முறைத்துவிட்டுப் போனாள். நான் என்ன செய்ய? அந்தப் பட்டாம்பூச்சிக்கு அடியில் இருப்பது உங்கள் பெயர் அல்லவா? பெற்ற தாயோடும் சம்பந்தியோடும் அரசாங்கத்தோடும் மல்லுக்கட்டி நீங்கள் வாங்கிய பெயர். ஆறு வயசுக்காரி ஒரு ஸ்டிக்கரில் காரியத்தை முடித்துவிட்டாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழைய பெயரையும் சொன்னதில்லை, புதிய பெயரையும் சொன்னதில்லை. எனக்கு நீங்கள் மதினி, அவ்வளவுதான். அண்ணன் வாயிலிருந்தும் உங்கள் பெயர் வந்து நான் கேட்டதில்லை. "இந்தா" என்று ஒரு குரல் கொடுப்பார். காபி வரும், சட்டை வரும், செருப்பு வரும். பின்னால் நீங்கள் பெயரை மாற்றப்போகிறேன் என்று சொன்னபோதுகூட, "எனக்கென்ன, எந்தப் பேருன்னாலும் ஒண்ணுதேன். நான் எப்பக் கூப்பிட்டேன்?" என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்த மகராசன் அவர்.

உங்கள் பெயரை நான் முதன்முதலில் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில். திருவளர்செல்வி போதும்பொண்ணு. எனக்கு அது புதுப் பெயர் இல்லை. நான் படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியிலேயே இரண்டு போதும்பொண்ணுகள் இருந்தார்கள். ஒருத்தி வருசநாட்டுக்காரி, இன்னொருத்திக்கு மயிலாடும்பாறை. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் நம் பக்கத்தில் கடைசிப் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். பொண்ணு போதும் சாமி, அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்று சாமிக்குச் சொல்லிவிடும் தகவல் அது. உங்களுக்கு முன்னால் மூன்று அக்காமார். உங்களுக்கு அடுத்து உங்கள் தம்பி பிறந்துவிட்டான். அதனால் உங்கள் பிறந்த வீட்டில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை. "எம் மக பேரு பலிச்ச பேரு" என்று உங்கள் அம்மா தேவாரம் ஊர்த் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். அவருக்கு அப்போதே காது மந்தம், அதனால் எது சொன்னாலும் நாலு தெருவுக்குக் கேட்கும். பலித்ததில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் அதற்காக முகம் கோணியதில்லை.

அந்தப் பெயர் மேல் உங்களுக்கு மனத்தாங்கல் உண்டு என்பதே அன்றைக்கு அந்தப் போடி பஸ்ஸில் ஏறியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தீர்கள். மாலையில் நீங்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் உங்கள் கையின் ஏலக்காய் வாசம் நுழைந்துவிடும். நான் ஏதோ துணி எடுக்க வேண்டும் என்று ஒரு நாள் உங்களோடு பஸ் ஏறினேன். சிலமலையில் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு ஏறினாள். ஏறினவள் நம்மைப் பார்த்ததும், "பூங்கொடியக்கா! என்ன நேத்து ஆளையே காணோம்?" என்று ஒரு சத்தம் போட்டாள். நான் பின்னால் திரும்பி யாரென்று தேடினேன். என் பக்கத்திலிருந்து பதில் போனது.

"காய்ச்சலு வந்து படுத்துட்டேன்த்தா. நீ நல்லாருக்கியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பின்னால் போய் உட்கார்ந்ததும் உங்கள் காதில் கேட்டேன். "யாரு மதினி பூங்கொடி?"

"நாந்தேன்" என்றீர்கள், கடலையைக் கொறித்துக்கொண்டே.

அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள். "பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா பேரு என்னன்னு கேப்பாக. போதும்பொண்ணுன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன தெரியுமா? 'எத்தனாவது பொண்ணு?' நாலாவதுன்னு சொல்லணும். 'அப்புறம் பையன் பொறந்தானா?' பொறந்தான்னு சொல்லணும். 'நல்லவேளை'ம்பாக. சிலமலையில ஆரம்பிச்சா ராசிங்கபுரம் தாண்டுற வரைக்கும் எங்காத்தா பிள்ளை பெத்த கதையவே சொல்லிக்கிட்டு வரணும். பஸ்ஸு சிநேகத்துக்கு எதுக்குத்தா என் ஜாதகம்?"

"அதுக்குன்னு பொய்யா சொல்வீக?"

"பொய்யாம்ல. டிக்கெட்டுல பேரா அடிக்கிறான்?"

பூங்கொடி எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "ஒரு நா கேட்டாக, வாயில வந்துச்சு, நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்" என்று கடலைத் தோலை ஜன்னல் வழியாக ஊதிவிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் ஒரு திருட்டுக் களை இருந்தது. எத்தனை வருசமாக அந்தப் பெயரில் அந்த பஸ்ஸில் போய் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அது அப்படியே பஸ்ஸோடு போயிருக்கும், கவிதாவுக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறக்காமல் இருந்திருந்தால்.

முதல் பெண்ணுக்குச் சம்பந்தியம்மா பெயர் வைத்தாயிற்று. அதுதானே முறை. தலைச்சன் பேத்திக்கு அப்பா வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்கு அம்மா வழிப் பாட்டி பெயர். சம்பந்தியம்மா பெயர் ராஜாத்தி, பேத்தியும் ராஜாத்தி. சம்பந்தியம்மா நல்ல மனுஷி, அதை நாமிருவரும் எப்போதும் சொல்லிக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் சின்னவளைக் கையில் வாங்கி, கொஞ்சி, கன்னத்தில் வாய் வைத்து முத்தம் கொடுத்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "இவளுக்கு எங்க சம்பந்தி பேருதேன். முறைக்கு முறையும் ஆச்சு, ராசிக்கு ராசியும் ஆச்சு. பலிச்ச பேராச்சே, அடுத்து சிங்கக்குட்டி வந்துருவான்ல?"

கவிதா கட்டிலில் படுத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீங்கள் ஃபிளாஸ்க்கைத் திருகி மூடிக்கொண்டிருந்தீர்கள். மூடின ஃபிளாஸ்க்கையே மறுபடி மறுபடி மூடிக்கொண்டிருந்தீர்கள்.

வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்ததும் வெடித்தீர்களே, மதினி. உங்களை அப்படிக் கோபமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "ஒருத்தி ராஜாத்தி, ஒருத்தி போதும்பொண்ணு. ஒரே வீட்டுல ஒண்ணா உக்காந்து சோறு திங்கப்போற பிள்ளைக! எனக்கு வச்சாக, நான் சுமந்துட்டேன். இந்தப் பச்சை மண்ணு தலையில ஏத்த விடமாட்டேன்."

"வேணாம்னு சொல்லிருங்க மதினி."

"முறையை எப்பிடித்தா வேணாங்கிறது? நாளைக்கு கவிதாவைத்தான் இடிச்சுக் காட்டுவாக."

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் இளநீர் சீவிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினீர்கள். "முறையை மாத்த முடியாது. பேரை மாத்தலாம்ல?"

"பாப்பா பேரையா?"

"எம் பேரைத்தா! பாட்டி பேரை வைக்கணும், அம்புட்டுத்தான முறை? பாட்டி பேரு பூங்கொடின்னா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்கு இந்த யோசனை வரவில்லையே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. வாயால் சொன்னால் சம்பந்தியம்மா சிரித்துவிட்டுப் போய்விடுவார், கையில் சர்க்கார் காகிதம் இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். பிறப்புச் சான்றிதழைப் பெயர் இல்லாமல்தான் வாங்கியிருந்தார்கள். குலதெய்வம் கோவிலில் காது குத்தும்போது பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம் பேரூராட்சியில் போய்ப் பதியலாம் என்று ஏற்பாடு. அந்தக் காதுகுத்துக்குள் நம் வேலை முடிய வேண்டும்.

உத்தமபாளையத்தில் இ-சேவை மையத்துப் பெண் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த தோரணையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், போட்டோ வேண்டும், வயதுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் வேண்டும், எல்லாவற்றிலும் ஓர் அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், சென்னைக்கு அனுப்பினால் அரசிதழில் போடுவார்கள், அப்புறம்தான் செல்லும். "நீங்க அஞ்சாவது படிச்ச சர்ட்டிபிகேட்டு இருக்காம்மா?" என்றாள். "அதுல ஒரு ஆடு வாய் வச்சுருச்சு, மிச்சம் இருக்கு" என்றீர்கள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் தேவாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியரிடம் நான் டீச்சர் என்று சொல்லி, பழைய பதிவேட்டிலிருந்து புதிதாக எழுதி வாங்கினோம்.

காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் அந்தப் பெண் நிறுத்தினாள். "நியூமராலஜின்னு போட்டுரவாம்மா? எல்லாரும் அதத்தேன் போடுறாக."

"பிடிக்கலைன்னு போடு."

"அப்பிடிப் போட முடியாதும்மா."

"பின்ன, பிடிச்சவுகளா வந்து பேரை மாத்துறாக?"

கடைசியில் சொந்த விருப்பம் என்று எழுதினாள். உங்களுக்கு அதில் அரை மனசுதான்.

அதிகாரியிடம் போனோமே, அது அதற்கு மேல். தங்கமான மனுஷர், மறுபேச்சுப் பேசாமல் பேனாவைத் திறந்தார். பழைய பெயரைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக உங்களைப் பார்த்து அன்பாகக் கேட்டார். "நீங்க எத்தனாவது பொண்ணும்மா?" நீங்கள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள் பாருங்கள். நான் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். உள்ளே நீங்கள் கைகட்டிக்கொண்டு, "நாலாவதுங்கய்யா. அடுத்து பையன் பொறந்துட்டான்யா, நல்லவேளை" என்று அவர் கேட்கப்போவதற்கும் சேர்த்துப் பதில் சொல்வது கேட்டது.

எல்லாம் சேர்ந்துவிட்டது, தபாலில் போடுவதுதான் பாக்கி. அப்போதுதான் உங்கள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

நேராக வீட்டுக்கு வந்து வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "நான் கோயில் ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வச்ச பேரு அது. அந்தப் பேருக்குத்தேன் அவ பையனைக் குடுத்தா. பேரை எடுத்துட்டா குடுத்ததை அவ எடுத்துக்கிற மாட்டாளா?"

"ஆத்தா என்ன கெசட்டா படிக்கப்போறா?" என்றீர்கள் நீங்கள்.

"என்னது?"

"ஒண்ணுமில்லைம்மா!"

ஆனால் அவர் அழுதபோது நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள். அது நடிப்பு அழுகை இல்லை. உங்கள் தம்பி தினமும் விடியும் முன்னே ஏலத்தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கம் மலை ஏறுகிறவன். ஒவ்வொரு நாளும் அவன் வண்டிச் சத்தம் திரும்பித் தெருவில் கேட்ட பிறகுதான் உங்கள் அம்மா சோற்றில் கை வைப்பார். "அந்த மலைப் பாதையில அவன் உசுரு உம் பேருலதேன் தொங்குது" என்று அவர் சொன்னதை அவர் முழுசாக நம்பினார். அவர் போன பிறகு விண்ணப்பத்தை எடுத்து அரிசி டின்னுக்கு மேல் வைத்தீர்கள். அது அங்கேயே கிடந்தது. நான் வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், உங்களைப் பார்ப்பேன்.

"என்ன மதினி, நீங்களுமா நம்புறீக?"

"இடுப்புல தூக்கி வளத்தவன்த்தா. நம்பலைன்னாலும் பயமாத்தேன் இருக்கு." அதைச் சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் தம்பி. காதுகுத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

எப்படித்தான் அவன் காதுக்குப் போனதோ, ஒரு நாள் மலையிலிருந்து இறங்கின கையோடு ஜீப்பை நம் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முகமெல்லாம் செம்மண். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "ஏக்கா, எங்க அந்தக் காயிதம்?" என்றான். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "நான் பொறக்கணும்னு உனக்கு அந்தப் பேரு. நான் நல்லாருக்கணும்னு காலம் பூரா அந்தப் பேரு. இப்பப் பாப்பாவுக்கும் அந்தப் பேரா? உங்களுக்கெல்லாம் நான் என்னக்கா செஞ்சேன்? இதையாவது செய்யிறேன். என் கையால நானே தபால்ல போடுறேன். கோயில் ஆத்தா கோவிச்சா என்கிட்டயே கோவிச்சுக்கட்டும்." சொல்லிவிட்டு டின்னின் மேலிருந்து காகிதத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான். தபால் ஆபீஸ் மூடும் நேரம் என்று ஜீப்பை அவ்வளவு வேகமாக எடுத்தான். போனவன் திரும்பி வரும் வரைக்கும் நாம் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.

கொஞ்ச நாளில் அவன் விழுந்தான். மலையில் இல்லை, கொண்டை ஊசி வளைவில் இல்லை. சொந்த வீட்டு வாசலில், நிறுத்தின ஜீப்பிலிருந்து இறங்கும்போது, குறுக்கே வந்த கோழியை மிதிக்காமலிருக்கக் காலை மாற்றி வைத்து, சுளுக்கு. உங்கள் அம்மா போட்ட சத்தம் கோம்பை வரைக்கும் கேட்டிருக்கும். "நான் சொன்னேன்ல! சொன்னேன்ல! ஆத்தா காட்டிட்டா!" நாம் ஓடினோம். அவன் திண்டில் காலை நீட்டிக்கொண்டு எண்ணெய் தடவியபடி சிரித்துக்கொண்டிருந்தான். நீங்கள் அவன் காலைத் தொட்டு, அமுக்கி, முறிவு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டீர்கள். பிறகு எழுந்து, உங்கள் அம்மாவின் காதருகே போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னீர்கள்.

"யம்மா, பேரு இன்னும் மாறலை! கெசட்டுல இன்னும் வரவே இல்லை! இவன் விழுந்தப்ப எம் பேரு போதும்பொண்ணுதேன்! பழைய பேருலயே விழுந்துட்டாம்மா!"

உங்கள் அம்மா மகனைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். அந்தக் கணக்கு அவருக்கு உதைத்தது. கடைசியில் கோழியைத் திட்ட ஆரம்பித்தார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, ஆனால் சரி என்றும் சொல்லவில்லை.

காதுகுத்துக்கு முந்தின வாரம் இ-சேவைப் பெண் போன் செய்தாள். ஓடினோம். அரசிதழில் வரிசை வரிசையாக எத்தனையோ பேர், ஒரு பெயரை விட்டுவிட்டு இன்னொரு பெயருக்குக் குடி போகிறவர்கள். நடுவில் நீங்கள். இங்கிலீஷில் இருந்ததால் நான் படித்து அர்த்தம் சொன்னேன். "இனிமேல் இவர் பூங்கொடி என்று அறியப்படுவார்."

"இனிமேலா? பஸ்ஸுல கேட்டுப் பாக்கச் சொல்லு" என்றீர்கள். அந்தக் காகிதத்தை லேமினேஷன் பண்ணச் சொல்லி, சூடு ஆறும் வரை ஊதி ஊதிப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

கோவிலில் சம்பந்தியம்மாவிடம் அதை நீட்டினீர்கள். மருமகன் படித்துச் சொன்னார். சம்பந்தியம்மா முதலில் முழித்தார். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வழிந்தது. "நீங்க லேசுப்பட்ட ஆளு இல்ல சம்பந்தி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற பேரு வச்சிருப்போம்ல?"

"அப்ப முறை போயிருமே" என்றீர்கள் பணிவாக.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவர் வீட்டின் மூத்த சுமங்கலியோ தாத்தாவோ அல்ல, அந்தக் குடும்பத்து வழக்கப்படி இருப்பவர்களிலேயே வயதில் மூத்தவர். அதாவது உங்கள் அம்மா. சரி என்று இன்னும் சொல்லாத உங்கள் அம்மா. கவிதாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால், தாய்மாமன் இடத்தில் உங்கள் தம்பிதான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உங்கள் அம்மா குனிந்தார். அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதுதான் நிற்கும், அரசிதழ் எல்லாம் அப்புறம். குனிந்தவர் மகன் முகத்தைப் பார்த்தார். அவன் லேசாகத் தலையை ஆட்டினான். நீங்கள் என் கையைப் பிடித்திருந்தீர்கள், நகம் பதிந்துவிட்டது.

காதில் ரகசியமாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் காது கேட்காதவருக்கு ரகசியம் எங்கே தெரியும்?

"பூங்கொடீ! பூங்கொடீ! பூங்கொடீ!"

குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. பக்கத்துப் பந்தலில் வேறு யாரோ பூங்கொடி, "இங்கன இருக்கேன்" என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் அம்மா நிமிர்ந்து, அழுகிற குழந்தையைத் தூக்கி உங்கள் பக்கம் நீட்டினார். "ஏத்தா பூங்கொடி, புள்ளையைப் பிடி."

உங்களைத்தான் கூப்பிட்டார், மதினி. பெற்ற தாய் வாயால் அந்தப் பெயரில் முதல் தடவை. குழந்தையோடு போட்டி போட்டுக்கொண்டு நீங்களும் அழுதீர்கள். அதன் பிறகு உங்கள் அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து மகன் கையில் இறுக்கிக் கட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். அந்தக் கயிறு நைந்தால் புதுசு கட்டி, இன்றைக்கும் அதோடுதான் அவன் மலை ஏறுகிறான்.

அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, பேங்க் புத்தகம் என்று அறுபடை வீடு சுற்றுவது மாதிரி அலைந்தோம். ஒவ்வொரு இடத்திலும் பழைய பெயரைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். நீங்கள் அலுக்காமல், "கடைசித் தடவையா கேட்டுக்கங்க" என்று சொல்லிப் பதில் சொல்வீர்கள். புதுக் கையெழுத்தைக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பழகினீர்கள். கடைசி எழுத்தை இழுத்து ஒரு கொடி மாதிரி சுற்றிவிடுவீர்கள். அந்தத் தாள்களில் ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் உங்கள் தம்பி பூங்கொடி என்றுதான் போடச் சொன்னான். சொந்தக்காரர்களில் சிலர், "யாரு பூங்கொடி?" என்று போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். போடி பஸ் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. சிலமலையிலிருந்து, ராசிங்கபுரத்திலிருந்து, தூக்குச்சட்டியும் கையுமாக வேலை விட்டு நேராக வந்தார்கள். உங்களுக்கு வேறொரு பெயர் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் கையெல்லாம் ஏலக்காய் வாசம். நான் உடைந்து அழுதது அப்போதுதான்.

சரி, காலைக் கதைக்கு வருகிறேன். "ஏன் மாத்தணும்?" என்று உங்கள் பேத்தியைக் கேட்டேன். "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் நல்ல பேரு. எனக்கு மட்டும் பாட்டி பேரு" என்றாள். என்ன பேர் வேண்டுமாம்? மித்ரா. அவள் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு மித்ரா இருக்கிறார்களாம், அதனால் அது நல்ல பேராம். கவிதா அடுப்படியிலிருந்து, "அடி வாங்கப்போற" என்றாள். செருப்பு வாங்கப் போடிக்கு வா, பஸ்ஸில் சொல்கிறேன் என்று அவளைக் கிளப்பினேன். அட்டையை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொன்னேன்.

சிலமலை தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். "பாப்பா பேரு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

"மித்ரா" என்றாள்.

"நல்ல பேரு" என்றார் அந்த அம்மா. எத்தனாவது பெண் என்று கேட்கவில்லை, மதினி. உங்கள் பேத்தி சீட்டில் இரண்டு அங்குலம் உயர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பாட்டியாக்கும்? உங்க பேரு?"

வாயில் வந்தது. நல்லாவும் இருந்தது.

"பூங்கொடி" என்றேன்.

அந்த அம்மா இறங்குகிற வரைக்கும் சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இறங்கினதும் என் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"டீச்சர் பாட்டி, அது எம் பேரு!"

"நீதான் வேணாம்னுட்ட. சும்மாதான கெடக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

போடி வரைக்கும் பேசவே இல்லை. செருப்புக் கடையிலும் பேசவில்லை. புதுச் செருப்போடு திரும்ப பஸ் ஏறும்போதுதான், என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கறாராகச் சொன்னாள். "வீட்டுக்குப் போனதும் திருப்பித் தந்துரணும்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டாம்பூச்சியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள், இதை எழுதும்போது அந்தச் சத்தம் கேட்கிறது. பெயரை அவளிடம் கொடுத்துவிடத்தான் வேண்டும், மதினி. பஸ்ஸுக்கு மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன்.